முயலின் கண்ணில் அளந்த வெப்பம்

கண்ணுக்குள் வளரும் கட்டியைக் கத்தி இல்லாமல், ஒளியால் மட்டுமே அழிக்க முடிகிறது. எத்தனை டிகிரி, எத்தனை நொடி என்ற கணக்கை மருத்துவம் எங்கே கற்றது? அதில் விலங்குகள் கொடுத்த விலை என்ன?

1961ஆம் ஆண்டின் இறுதி. நியூயார்க்கின் கொலம்பியா-பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் கண் மருத்துவர் சார்லஸ் கேம்ப்பெல், நோயாளி ஒருவரின் விழித்திரையில் இருந்த கட்டியின் மீது சிவப்பு ஒளியைச் செலுத்தினார். அந்த ஒளி பாய்ந்து முடிய ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆனது. கண்ணில் கீறல் இல்லை, தையல் இல்லை. கட்டி அழிந்தது. மனித உடலில் லேசர் கொண்டு செய்யப்பட்ட முதல் சிகிச்சை என்று மருத்துவ வரலாறு குறித்து வைத்திருப்பது இதைத்தான். அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தின் இயற்பியலாளர் சார்லஸ் கோஸ்டர் அவருக்குத் துணை நின்றார்.

லேசர் என்ற கருவியே பிறந்து அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபு நகரில் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை ஒளிரச் செய்தார். இவ்வளவு புதிய, இவ்வளவு வலிய ஒளியை மனிதக் கண்ணுக்குள் செலுத்த ஒரு மருத்துவருக்கு எப்படித் துணிவு வந்தது?

கேம்ப்பெலின் சிகிச்சைக்குச் சற்று முன், 1961 நவம்பரில், ‘சயின்ஸ்’ இதழில் மில்டன் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். ரூபி லேசரை முயல்களின் கண்ணில் பாய்ச்சினால் விழித்திரையிலும் ஐரிஸ் எனும் வண்ண வளையத்திலும் என்ன மாதிரியான தீப்புண் உண்டாகிறது என்பதை அது பதிவு செய்தது. ஒளி தாக்கும் இடம் எவ்வளவு சிறியது, தாக்கம் எவ்வளவு உடனடியானது என்பதையெல்லாம் மனிதருக்கு முன்னால் முயல்கள்தான் காட்டிக் கொடுத்தன.

அன்று தொடங்கி இன்றுவரை, கண் கட்டிக்கான லேசர் சிகிச்சை எடுத்து வைத்த பெரிய அடிகளுக்கு அடியில் ஒரு விலங்கின் கண் இருக்கிறது. அந்த வரலாற்றை முழுதாகச் சொல்ல வேண்டும். அந்தக் கண்கள் கற்றுக்கொடுத்தது என்ன, கற்றுக்கொடுக்க முடியாமல் போனது என்ன என்று பிரித்தறிந்தால்தான் இன்றைய சிகிச்சையின் பலமும் பலவீனமும் விளங்கும்.

சூரியனே முதல் கருவி

லேசர் வருவதற்கு முன்பே ஒளியால் கண்ணுக்குச் சிகிச்சை தர முடியும் என்று கண்டவர் ஜெர்மனியின் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத். 1945 ஜூலை 9 அன்று ஒரு சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதை வெறும் கண்ணால் பார்த்த ஒரு மருத்துவ மாணவர், விழித்திரையின் நடுவில் சுட்ட தழும்புடன் ஹாம்பர்க்கில் அவரிடம் வந்தார். மற்றவர்கள் அதைக் காயமாக மட்டுமே பார்த்திருப்பார்கள். மேயர்-ஷ்விக்கெராத்துக்கு வேறொன்று தோன்றியது. ஒளி கண்ணுக்குள் தழும்பை உண்டாக்கும் என்றால், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்குத் தழும்பை உண்டாக்கி நோயைக் கட்டுப்படுத்தலாமே!

அவர் முதலில் முயல்களின் கண்களில் சோதித்தார். பிறகு மருத்துவமனைக் கூரையில் கண்ணாடிகளை நிறுத்தி, சூரிய ஒளியைப் பிடித்து நோயாளியின் கண்ணுக்குள் திருப்பினார். 1949இல் முதல் மனித சிகிச்சை நடந்தது. மேகம் மறைக்கும் நாட்டில் சூரியனை நம்பிச் சிகிச்சை நடத்த முடியாது. ஆகவே கார்பன் வில் விளக்கு வந்தது. 1950களின் பிற்பகுதியில் ஜெய்ஸ் நிறுவனத்தின் செனான் விளக்குக் கருவி வந்தது. விழித்திரைக் கிழிசலை ஒட்டுவதற்காகத் தொடங்கிய அந்த முறையை அவரே விழித்திரையின் ரத்தக்குழாய்க் கட்டிகளுக்கும் மெலனோமா எனும் நிறமிப் புற்றுக்கட்டிகளில் சிறியவற்றுக்கும் பயன்படுத்தினார்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு தடை இருந்தது. அந்தத் தடையின் தன்மையைப் புரிந்துகொண்டால் பின்னால் நடந்த ஆய்வுகள் எல்லாம் எதற்காக என்பது தெளிவாகும்.

கடும் ஒளி ஒரு திசுவைத் தாக்கும்போது அங்கே வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுப்பதைப் போலத் திசுவின் புரதம் உறைந்து வெளுக்கிறது. வெளுத்த மேற்பரப்பு அடுத்து வரும் ஒளியைச் சிதறடித்து வெளியே தள்ளிவிடும். மேலே வெந்த இடமே கீழே இருக்கும் கட்டிக்குக் கவசமாகிவிடுகிறது. மேல்தோலைச் சுட்டுவிட்டு வேரை விட்டுவிடும் சிகிச்சை புற்றுநோய்க்குப் போதாது. ஆழத்துக்கு எப்படிப் போவது? அடுத்த முப்பது ஆண்டுகள் கண் ஆராய்ச்சியாளர்களை ஓட வைத்த கேள்வி இது.

ஏன் முயல்? ஏன் கண்?

கட்டிக்கான சிகிச்சையைச் சோதிக்க முதலில் கட்டி வேண்டும். முயலுக்குத் தானாக வரும் கண் மெலனோமாவுக்காகக் காத்திருக்க முடியாது. அங்கேதான் ஹாம்ஸ்டர் என்ற சிறு கொறிவிலங்கு இந்தக் கதைக்குள் வருகிறது.

யேல் பல்கலைக்கழகத்தின் நோய்க்குறியியலாளர் ஹாரி கிரீன், ஹாம்ஸ்டர் ஒன்றில் தானாகத் தோன்றிய மெலனோமாவை 1958இல் விவரித்தார். அந்தக் கட்டியை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஆய்வுக்கூடங்கள் உயிரோடு வைத்திருந்தன. ‘கிரீன் மெலனோமா’ என்று பெயர் பெற்ற அந்தக் கட்டியின் துண்டை முயலின் கண்ணுக்குள் பதியவைத்தால் அது வேர்பிடித்து வளர்ந்தது. நிறமி உள்ள வகை, நிறமி இழந்த வகை என இரண்டுமே கிடைத்தன. ஒளியை உறிஞ்சுவது நிறமிதான் என்பதால் லேசர் ஆய்வுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

ஹாம்ஸ்டரின் கட்டி முயலின் உடலில் எப்படிப் பிழைக்கிறது? வேறு இனத்தின் திசுவை உடலின் எதிர்ப்பாற்றல் உடனே விரட்டிவிடும். கண்ணுக்குள் மட்டும் அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. 1873இலேயே நெதர்லாந்தின் வான் டோரெமால், நாயின் கண்ணுக்குள் எலியின் தோலை வைத்தபோது அது எதிர்பார்த்ததைவிட நெடுநாள் பிழைத்ததைக் கவனித்திருந்தார். 1948இல் பீட்டர் மெடவார் முயல்களில் தோல் ஒட்டுகளை வைத்து, கண்ணின் முன்னறைக்கு இருக்கும் இந்தத் தனிச்சலுகையை எதிர்ப்பாற்றல் அறிவியலின் மொழியில் விளக்கினார். எதிர்ப்பாற்றலின் படைகள் கண்ணுக்குள் பாய்ந்து வீக்கம் உண்டாக்கினால் பார்வையே போய்விடும். அதனால் இயற்கை அங்கே போரைத் தவிர்க்கிறது. அந்தத் தவிர்ப்பே கட்டிக்கும் வாய்ப்பாகிவிடுகிறது.

கண்ணுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. உடலின் மற்ற உறுப்புகளுக்குள் கட்டி என்ன செய்கிறது என்று பார்க்க அறுக்க வேண்டும். கண்ணிலோ முன்புற ஒளிபுகு படலமான கார்னியா வழியாக, பாப்பா எனும் கண்மணித் துளை வழியாக, நாள்தோறும் அதை நேரில் பார்க்கலாம். 1972இல் ஜூடா ஃபோக்மனின் குழு இந்தச் சாளரத்தைப் பயன்படுத்தியது. முயலின் கண்ணுக்குள் இருக்கும் நீரில் மிதக்கவிட்ட கட்டித் துணுக்குகள் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிட்டன. அதே கட்டியை ரத்தக்குழாய்கள் நிறைந்த ஐரிஸின் மீது வைத்தபோது குழாய்கள் கட்டிக்குள் புகுந்தன. கட்டி வேகமாகப் பெருத்தது. ரத்த ஓட்டம் கிடைக்காத கட்டி வளராது என்ற கருத்துக்கு வலுவான சான்றுகளுள் ஒன்றாக இது அமைந்தது. கட்டியைச் சுடுவதோடு அதற்கு உணவூட்டும் குழாய்களையும் அடைக்க வேண்டும் என்ற எண்ணம் லேசர் மருத்துவத்தில் பின்னர் ஆழமாக வேரூன்றியது.

லெய்டனில் கிடைத்த விடை

ஆழத்துக்குப் போவது எப்படி என்ற கேள்விக்கு நெதர்லாந்தின் லெய்டன் நகரிலிருந்து ஒரு விடை வந்தது. ஊஸ்டர்ஹாய்ஸ், ஜூர்னே-டி கோர்வர் ஆகியோரின் குழு, முயலின் கண்ணில் வளர்ந்த கிரீன் மெலனோமாவை அகச்சிவப்பு டயோடு லேசரால் சூடாக்கிப் பார்த்தது.

அவர்களுடைய யோசனை பழைய முறைக்கு நேர்மாறானது. கடுமையாகச் சுடாமல் மெல்ல வாட்ட வேண்டும். 810 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளியை மெலனின் நிறமி ஓரளவுதான் உறிஞ்சும். ஆகவே ஒளி மேற்பரப்பிலேயே தீர்ந்துவிடாமல் உள்ளே இறங்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலக் கற்றையை, ஒரே இடத்தில் ஒரு நிமிடம் போல நிறுத்தினார்கள். திசுவின் வெப்பம் 45 முதல் 60 டிகிரிக்குள் நின்றது. புரதம் உறைந்து வெளுக்கும் எல்லைக்குக் கீழே, செல் பிழைக்கும் எல்லைக்கு மேலே இருக்கும் வெப்பம் அது. மேற்பரப்பு வெளுக்காததால் ஒளி தொடர்ந்து உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. கட்டி ஆழம்வரை செத்தது.

முயலில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? லெய்டன் குழு இங்கே எடுத்த வழி மருத்துவ ஆய்வில் எண்ணிப் போற்றத்தக்கது. பெரிய மெலனோமாவால் எப்படியும் கண்ணை அகற்ற வேண்டும் என்று முடிவான நோயாளிகளின் சம்மதத்தோடு, அறுவைக்குச் சில நாட்களுக்கு முன் அந்தக் கண்ணுக்கு லேசர் வெப்பம் தந்தார்கள். அகற்றிய கண்ணை நுண்ணோக்கியில் பார்த்தபோது கட்டி 3.9 மில்லிமீட்டர் ஆழம்வரை செத்திருந்தது. முயலுக்கும் நோயாளிக்கும் நடுவே, எவருக்கும் கூடுதல் இழப்பில்லாத ஒரு பாலம் அது.

1995இல் மனிதர்களுக்கான சிகிச்சை முடிவுகளை வெளியிட்டார்கள். பாப்பா வழியாக வெப்பம் தரும் இந்த முறை, ‘டிடிடி’ என்ற சுருக்கப் பெயரோடு, சில ஆண்டுகளில் உலகெங்கும் கண் புற்றுநோய் மையங்களுக்குப் பரவியது.

முயல் சொல்லாதது

இங்கேயே கதையை முடித்திருந்தால் அது வெற்றிக் கதை. உண்மை அப்படி முடியவில்லை.

டிடிடி மட்டுமே பெற்ற நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கட்டியின் ஓரங்களில் புற்று மீண்டும் தலைதூக்கியது. கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்கிளீராவுக்குள் ஒளிந்திருந்த செல்களை வெப்பம் எட்டவில்லை. நரம்புகளும் குழாய்களும் ஸ்கிளீராவைத் துளைத்துச் செல்லும் சிறு வழிகள் மூலமாகச் சிலருக்குக் கட்டி கண்ணுக்கு வெளியேயும் எட்டிப் பார்த்தது. உள்ளேயிருந்து பார்க்கும் மருத்துவருக்குத் தட்டையான, அமைதியான தழும்பு மட்டுமே தெரியும். தழும்புக்குப் பின்னால் நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

இதை முயல் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? முயலின் கண்ணில் வைத்த கட்டி மிக வேகமாக வளர்வது. சில வாரங்களில் கண்ணை நிரப்பிவிடும். ஆய்வும் வாரக் கணக்கில்தான் நடக்கும். விழித்திரைக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்ப் படலமான கோராய்டில் மனிதருக்கு வரும் மெலனோமா ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்வது. ஸ்கிளீராவுக்குள் ஒளிந்து, ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் பழக்கம் அதற்கு உண்டு. அறுத்து ஒட்டிய கட்டிக்கு அந்தப் பழக்கம் வர நேரமே இல்லை. முயலின் விழித்திரை அமைப்பும் வேறு. மனிதருக்கு இருக்கும் மையப் பார்வைப் புள்ளி அதற்குக் கிடையாது. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் ஒரு கிடைமட்டப் பட்டையில் மட்டுமே ஓடும். எந்த வெப்பம் கட்டியைக் கொல்லும் என்ற கேள்விக்கு முயல் சரியாகவே விடை சொன்னது. கொன்ற பிறகு மிச்சம் இருப்பது எங்கே ஒளியும் என்ற கேள்விக்கு விடை சொல்ல அதனால் இயலவில்லை.

அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்றும் இருக்கிறது. மனிதரின் கண் மெலனோமா உயிரைப் பறிப்பது கண்ணில் இருந்து அல்ல, கல்லீரலில் இருந்து. ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்குக் காலப்போக்கில் அது வேறு உறுப்புகளுக்கு, பெரும்பாலும் கல்லீரலுக்கு, பரவுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ‘காம்ஸ்’ என்ற பெரும் ஆய்வு, நடுத்தர அளவு மெலனோமா கொண்ட 1,317 பேரை இரண்டு பிரிவாக்கிக் கண்ணை அகற்றுவதையும் கதிர்வீச்சுத் தகட்டை ஒட்டுவதையும் ஒப்பிட்டது. உயிர்வாழும் காலத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று 2001இல் தெரிந்தது. கண்ணைக் காப்பாற்றும் சிகிச்சைகளுக்கு இது பெரிய நியாயம் தந்தது. அதோடு, கண்ணில் நடக்கும் சிகிச்சையால் மட்டும் இந்த நோயை வெல்ல முடியாது என்ற கடினமான உண்மையையும் அது மருத்துவர்கள் முன் வைத்தது.

இந்தப் பாடங்களுக்குப் பிறகு மெலனோமாவில் டிடிடியின் இடம் மாறியது. இன்று அது பெரும்பாலும் துணைச் சிகிச்சை. ஸ்கிளீராவின் வெளிப்புறம் கதிர்வீச்சுத் தகடு வைத்துக் கீழிருந்து கட்டியைத் தாக்குவார்கள். மேலிருந்து லேசர் வெப்பம் தாக்கும். லேசர் எட்டாத அடிப்பகுதியைக் கதிர் கவனித்துக்கொள்ளும்.

சுண்டெலியும் குழந்தையும்

லேசர் வெப்பம் தன் முழுப் பயனைக் காட்டியது வேறொரு நோயில். அது ரெட்டினோபிளாஸ்டோமா. சின்னஞ்சிறு குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்று. ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வரும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 8,000 குழந்தைகள்; அவர்களில் சுமார் 1,500 பேர் இந்தியக் குழந்தைகள். எந்த ஒரு நாட்டையும்விட இந்தியாவில்தான் இந்த நோய் கொண்ட குழந்தைகள் அதிகம்.

1971இல் ஆல்ஃபிரட் நட்சன் இந்த நோயை வைத்துத்தான் புற்றுநோயின் அடிப்படை விதிகளில் ஒன்றைக் கண்டார். ஒரு செல்லில் காவல் மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால் கட்டி தோன்றும் என்பது அவர் கருத்து. 1986இல் அந்த மரபணுவான ஆர்பி1 பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் சுண்டெலியில் அதே மரபணுவைச் சிதைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரதி இழந்த சுண்டெலிகளுக்குக் கண் கட்டி வரவில்லை. அதற்குப் பதில் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தது. சுண்டெலியின் விழித்திரையில் அந்த மரபணுவுக்குத் துணை நிற்க இன்னொரு மரபணு இருக்கிறது. ஒன்று கெட்டால் மற்றது காவலுக்கு வந்துவிடுகிறது. ஒரே மரபணு இரு உயிரினங்களில் இரு வேறு விளைவு தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சுண்டெலியில் விழித்திரைக் கட்டி வேறு வழியில் கிடைத்தது. பிட்யூட்டரி சுரப்பியை ஆராய்வதற்காக ஒரு வைரஸ் மரபணுவைச் செருகி உருவாக்கிய சுண்டெலி வரிசை ஒன்றில், யாரும் எதிர்பாராதபடி, இரு கண்ணிலும் கட்டிகள் தோன்றின. 1990இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அந்தக் கண்டுபிடிப்பு, குழந்தைகளின் நோய்க்கான சிகிச்சைகளைச் சோதிக்கும் முதன்மை மாதிரியானது. மயாமியின் பாஸ்கம் பால்மர் கண் நிறுவனத்தில் திமொதி மரேயின் குழு, வெப்பத்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துத் தந்தால் கட்டியை அடக்கக் கதிரின் அளவைக் குறைக்கலாம் என்பதை இந்தச் சுண்டெலிகளில் சோதித்தது. கார்போபிளாட்டின் மருந்தைக் கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய படலத்துக்கு அடியில் ஊசி மூலம் தரும் முறையையும் ஆராய்ந்தது.

கதிரைக் குறைக்க ஏன் இவ்வளவு பாடு? மரபு வழியாக ரெட்டினோபிளாஸ்டோமா வந்த குழந்தைக்கு உடலின் எல்லாச் செல்லிலும் ஒரு காவல் பிரதி ஏற்கெனவே இல்லை. கண்ணைக் காப்பாற்றத் தந்த கதிர்வீச்சு, பல ஆண்டுகள் கழித்து முக எலும்பிலோ தசையிலோ புதிய புற்றை உண்டாக்கும் ஆபத்தைக் கூட்டியது. கண் பிழைத்த குழந்தை வளர்ந்து இளைஞராகும்போது இன்னொரு புற்றுநோயோடு போராட வேண்டியிருந்தது. வெப்பத்துக்கு அந்த ஆபத்து இல்லை.

1990களில் லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனையின் லின் மர்ஃப்ரீ போன்றவர்கள் மருந்தையும் லேசரையும் இணைத்தார்கள். ரத்தநாளம் வழியாகக் கார்போபிளாட்டின் செலுத்திவிட்டு, கட்டியை அகச்சிவப்பு லேசரால் வெதுவெதுப்பாக்குவது அவர்கள் முறை. சூடேறிய புற்றுச் செல்லில் மருந்தின் கடுமை கூடுகிறது. சிறிய ரெட்டினோபிளாஸ்டோமாக்களுக்கு லேசர் இன்று உலகின் எல்லா முதன்மை மையங்களிலும் அன்றாடச் சிகிச்சை. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் மயக்க நிலையில் படுத்திருக்கும் குழந்தைக்கு, தலையில் மாட்டிய கருவி வழியாக மருத்துவர் லேசர் செலுத்துகிறார்.

கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டுபிடித்தால்தான் இதெல்லாம் பயன்படும். குழந்தையின் பாப்பாவில் வெள்ளையாக ஒளி தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் விழுந்தாலோ, புதிதாக மாறுகண் தெரிந்தாலோ, அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கும் மாதங்களில் லேசரின் எல்லையைக் கட்டி தாண்டிவிடும்.

சூடில்லாத ஒளி

வெப்பத்தின் குறை, அது கட்டிக்கும் அண்டைத் திசுவுக்கும் வேறுபாடு பார்க்காது என்பது. பார்வை நரம்புக்கு அருகில் இருக்கும் கட்டியைச் சூடாக்கினால் பார்வையும் போகும். இதற்கு மாற்றாக வந்தது ஒளியால் விழிக்கும் மருந்து.

மருந்தை ரத்தநாளம் வழியாகச் செலுத்துவார்கள். இருட்டில் அது செயலற்றுக் கிடக்கும். குறிப்பிட்ட நிற லேசர் படும் இடத்தில் மட்டும் விழித்துக்கொண்டு, ஆக்சிஜனைக் கடுமையான வடிவத்துக்கு மாற்றி, செல்லையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் அழிக்கும். 1994இல் பாஸ்டனில் உர்சுலா ஷ்மிட்-எர்ஃபுர்ட், இவாஞ்சலோஸ் கிரகூடாஸ் ஆகியோரின் குழு, இந்த வகை மருந்தைக் கொழுப்புப் புரதத்தோடு சேர்த்து முயலின் கோராய்டு மெலனோமாவில் சோதித்து, கட்டியின் குழாய்கள் அடைபடுவதைக் காட்டியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வெர்ட்டிபோர்ஃபின் மருந்துக்கு, முதியோரின் விழித்திரை நோய் ஒன்றுக்காக, 2000இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று கோராய்டின் ரத்தக்குழாய்க் கட்டிகளுக்கு அது முதன்மையான சிகிச்சை. நிறமி இல்லாத சிறு மெலனோமாக்களுக்கும் தந்து பார்க்கிறார்கள். கறுத்த கட்டியில் மெலனின் ஒளியைக் குடித்துவிடுவதால் அங்கே அது எடுபடுவது குறைவு.

இதன் அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ஷில்லர், மனித பாப்பிலோமா வைரஸின் வெற்றுக்கூடு புற்றுச் செல்களில் விரும்பி ஒட்டுவதைக் கவனித்தார். அந்தக் கூட்டின் மேல் ஒளியால் விழிக்கும் சாயத்தை ஏற்றினால், மருந்து தானே கட்டியைத் தேடிப் போகும். 2018இல் வெளிவந்த ஆய்வில், எதிர்ப்பாற்றலை மருந்தால் தணித்த முயல்களின் கண்ணில் மனிதக் கண் மெலனோமா செல்களை வளர்த்து, இந்த மருந்தையும் அகச்சிவப்பை ஒட்டிய லேசரையும் சேர்த்துச் சோதித்தார்கள். பழைய ஆய்வுகளில் இருந்த ஒரு குறை இதில் சரியானது. முயலின் கண்ணில் இருந்தது ஹாம்ஸ்டரின் கட்டி அல்ல. மனித நோயின் செல்களே. பெல்-சார் என்ற பெயரில் அந்த மருந்து மனிதர்களுக்கான மூன்றாம் கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது. கட்டி சிறிதாக, பார்வை நன்றாக இருக்கும்போதே தரக்கூடிய சிகிச்சையாக அது அமையுமா என்பதை அந்தச் சோதனை முடிவு செய்யும்.

நாய்க்கும் பூனைக்கும் திரும்பிய பயன்

ஆய்வுக்கூடத்தில் விலங்குகள் தந்த அறிவு விலங்குகளுக்கே திரும்பியும் சென்றிருக்கிறது. நாய்களுக்குக் கண்ணின் முன்பகுதியில், குறிப்பாக ஐரிஸில், நிறமிக் கட்டிகள் தானாகவே தோன்றும். முன்பெல்லாம் கட்டி வளர்ந்தால் கண்ணை அகற்றுவதே வழக்கம். 1999இல் அமெரிக்கக் கால்நடைக் கண் மருத்துவர்கள் குக்கும் வில்கியும், ஐரிஸ் மெலனோமா எனக் கருதப்பட்ட 23 நாய்களுக்கு டயோடு லேசரால் சிகிச்சை தந்ததைப் பதிவு செய்தார்கள். வெளியேயிருந்து, கார்னியாவைத் துளைக்காமல், கட்டியைச் சுட்டுச் சுருக்கும் முறை அது. பாப்பாவின் வடிவம் சற்றுக் கோணலாகலாம். சில நாய்களுக்கு மறுபடி சிகிச்சை தேவைப்படலாம். ஆனால் கண் மிஞ்சும், பார்வையும் மிஞ்சும்.

நாயின் கண் மெலனோமா அரிதாகவே வேறு உறுப்புகளுக்குப் பரவுகிறது. பூனையின் ஐரிஸில் படர்ந்து வளரும் மெலனோமா அதைவிட ஆபத்தானது. மனிதருடையது இவை எல்லாவற்றிலும் கொடியது. ஒரே பெயர் கொண்ட நோய் மூன்று உயிரினங்களில் ஏன் மூன்று விதமாக நடந்துகொள்கிறது என்ற கேள்விக்கான விடையில், பரவலைத் தடுக்கும் வழியும் இருக்கக்கூடும். செல்லப்பிராணிகளுக்கு இயற்கையாக வரும் கட்டிகளை, அவற்றுக்குச் சிகிச்சை தந்துகொண்டே கவனமாகப் பதிவு செய்தால், புதிதாக எந்த விலங்குக்கும் நோயை உண்டாக்காமல் அறிவு பெறலாம். பல்லாண்டுகள் கழித்துத் திரும்பும் கட்டியைப் பற்றி வாரக்கணக்கு ஆய்வுகள் சொல்லாததை, வீட்டில் ஆண்டுக்கணக்கில் வாழும் ஒரு நாய் சொல்லக்கூடும்.

கடனும் கணக்கும்

இந்தக் கட்டுரையில் வந்த முயல்களுக்கும் சுண்டெலிகளுக்கும் நோய் தானாக வரவில்லை. நாம் உண்டாக்கினோம். ஆய்வின் முடிவில் பெரும்பாலானவை கொல்லப்பட்டன. திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு வேறு வழி இருக்கவில்லை. இதை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் கொண்டாடுவது நேர்மை ஆகாது. இந்த ஆய்வுகளே நடந்திருக்கக்கூடாது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 45 டிகிரியா, 65 டிகிரியா என்ற விடையை ஒரு குழந்தையின் கண்ணில் தேடியிருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியது, கடனைக் கணக்கு வைத்து நடத்துவது. 1959இல் இங்கிலாந்தின் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் மூன்று கடமைகளை வகுத்தார்கள்: விலங்குக்கு மாற்று இருந்தால் மாற்றைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. கண் ஆராய்ச்சியாளர்களின் பன்னாட்டுச் சங்கமான ஆர்வோ, பார்வையைப் பாதிக்கக்கூடிய சோதனையைப் பொதுவாக ஒரு கண்ணோடு நிறுத்த வேண்டும் என்று வழிகாட்டுகிறது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அமைந்த குழுவின் மேற்பார்வையில், ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ள விலங்கு நெறிக்குழு ஆய்வுத் திட்டத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். மருந்துச் சோதனையில் விலங்கல்லாத முறைகளுக்கு இடம் தரும் சட்டத் திருத்தங்கள் அமெரிக்காவில் 2022 இறுதியிலும் இந்தியாவில் 2023இலும் வந்தன.

அந்த மாற்று முறைகள் வெறும் கனவல்ல. மனிதத் தண்டுச் செல்களிலிருந்து வளர்த்த சிறு விழித்திரைத் திசுவில் ஆர்பி1 மரபணுவைச் சிதைத்தபோது, ரெட்டினோபிளாஸ்டோமாவை ஒத்த கட்டி உருவானதை 2020இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த மரபணுவை மட்டும் இழந்த சுண்டெலியால் காட்ட முடியாத ஒன்றை மனிதச் செல்லே காட்டியது. மருந்து அந்தச் செல்லைக் கொல்கிறதா, எந்த அளவில் கொல்கிறது என்ற முதல்கட்டக் கேள்விகளை இனி அங்கேயே கேட்கலாம். பாப்பா வழியாக இறங்கும் லேசர், லென்ஸையும் கண் நீரையும் ஓடும் ரத்தத்தையும் தாண்டி எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு முழுக் கண் தேவை. அந்தக் கேள்விக்கு மட்டும், அந்த அளவுக்கு மட்டும் விலங்கிடம் போகலாம்.

இதற்கு மேல் இரண்டு பொறுப்புகள் ஆய்வுலகத்துக்கு உண்டு. தோற்ற ஆய்வுகளையும் வெளியிட வேண்டும். ஓர் ஆய்வுக்கூடத்தில் பயன் தராத முறையை இன்னொரு ஆய்வுக்கூடம் தெரியாமல் மறுபடி செய்தால் அந்த உயிர்கள் வீணாகப் போனவை. விலங்கில் வென்ற சிகிச்சையை மனிதருக்குத் தரும்போது, டிடிடி கற்பித்ததைப் போல, ஐந்து பத்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர வேண்டும். விலங்கு சொல்லாத பாதி அந்த ஆண்டுகளில்தான் தெரியவரும்.

நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. சிறிய கட்டியை லேசரால் அழிக்கும் அறிவு இன்று சென்னையிலும் மதுரையிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிரசவ வார்டிலும் தடுப்பூசி முகாமிலும் அங்கன்வாடியிலும் குழந்தையின் கண்ணில் ஒரு டார்ச் அடித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பல கட்டிகள் லேசருக்கு அடங்கும் அளவிலேயே பிடிபடும். எத்தனையோ உயிர்கள் கொடுத்துப் பெற்ற அறிவு இது. ஒரு குழந்தைக்குக்கூட அது தாமதமாகப் போய்ச் சேரக்கூடாது.